எட்டு கிரே போதுமா? டொங்காட்டிலிருந்து வந்த ஒரு தோல் லிம்போமா நோயாளி

இதை எழுத நோயாளியும் அவர் மகளும் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க வயதையும் வேலை விவரத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மருத்துவமனை தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவமனை, நான் அங்கே கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதற்கு மேல் தேவையில்லை. குறைந்த டோஸ் கதிர் (கதிர் அளவை கிரே என்ற கணக்கில் சொல்வோம்) என்றாலே "ஏதோ கைவிட்டுவிட்டார்கள்" என்று வீட்டார் நினைப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், முக்கியமாக அதற்காகத்தான் இது.

பின்னணி

நோயாளி அறுபதுகளின் நடுவில் இருக்கும் ஆண். டர்பனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி டொங்காட்டில் வீடு. சர்க்கரை ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் குடும்பத்தோடு இருக்கிறார். தமிழ் அவருக்கு ஆயாவிடம் (பாட்டியிடம்) கேட்டுக் கேட்டு வந்தது, எழுதப் படிக்க வராது, ஆனால் உடம்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழுக்குத் தாவிவிடுவார். மகள் முழுக்க ஆங்கிலம், நடுவில் கொஞ்சம் தமிழ். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம்.

2014 வாக்கில் வலது இடுப்பில் உள்ளாடை மறைக்கும் இடத்தில் சாம்பல் ஓடிய கருந்திட்டு ஒன்று வந்தது. பக்கத்திலேயே வெளிறிய திட்டுகளும் இருந்தன. படை என்றார்கள், பூஞ்சைக் களிம்பு தந்தார்கள். கேட்கவில்லை. அப்புறம் எக்சிமா என்று ஸ்டீராய்டு கிரீம் தந்தார்கள், அது நன்றாகவே கேட்டது, நிறுத்தியதும் திரும்ப வந்தது. இப்படியே ஐந்து ஆண்டு. வெளிறிய திட்டு இருந்ததால் நடுவில் ஒருமுறை தொழுநோய்க்கும் சோதித்திருக்கிறார்கள், அது சரியான யோசனைதான், இல்லை என்று வந்தது.

2019-ல் தோல் மருத்துவர் பயாப்ஸி எடுத்தார். முதல் அறிக்கை எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஸ்டீராய்டு கிரீம் தடவிக்கொண்டிருக்கும் தோலில் இது அடிக்கடி நடக்கும், நோய்ச் செல்கள் கலைந்து போயிருக்கும். மூன்று வாரம் கிரீமை நிறுத்திவிட்டு வேறு இரண்டு இடத்தில் எடுத்தபோது விடை வந்தது: மேல்தோலுக்குள் டி-செல்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) கூட்டம் கூட்டமாக ஏறி உட்கார்ந்திருந்தன. மைகோசிஸ் ஃபங்காய்டிஸ்.

பெயரைப் பார்த்துப் பூஞ்சை நோய் என்று நினைத்துவிடக் கூடாது. 1806-ல் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் இதை முதலில் விவரித்தபோது நோயாளியின் கட்டிகள் காளான் போல இருந்தன, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தோலில் தொடங்கும் டி-செல் லிம்போமாக்களில், அதாவது அந்த வெள்ளணுக்களின் புற்றுகளில், இதுதான் அதிகம். பெரும்பாலும் மெதுவாகப் போகும். முதலில் திட்டு, பிறகு தடிப்பு, சிலருக்குக் கட்டி. வெயில் படாத இடுப்பு, பிட்டம், தொடை இவைதான் அது விரும்பும் இடங்கள். கருத்த தோலில் பாடப்புத்தகம் சொல்லும் சிவப்பு தெரியாது, சாம்பலாகவோ ஊதாவாகவோ வெளிறியோ இருக்கும். இந்த நோய் இத்தனை ஆண்டு படையாகவே போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2019 முதல் 2022 வரை

அப்போது நோய் பரவியிருந்தது உடல் பரப்பில் சுமார் 12%. (நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் ஏறக்குறைய 1%, அதை வைத்துத்தான் கணக்கு.) நிணநீர்க் கணுவில் வீக்கம் இல்லை, ரத்தத்தில் நோய்ச் செல் இல்லை. எச்ஐவி இல்லை. எச்டிஎல்வி-1 வைரஸும் பார்த்தார்கள், அதனால் வரும் லிம்போமா தோலில் அச்சு அசலாக இதுபோலவே தெரியும் என்பதால் அதைப் பார்க்காமல் விடக் கூடாது. அதுவும் இல்லை.

குறுகிய அலைப்பட்டை யூவிபி (புற ஊதா) வெளிச்சம் வாரம் மூன்று முறை தொடங்கினார்கள், நன்றாகவே மங்கியது. 2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு, வெளிச்சச் சிகிச்சை நின்றது. சில மாதத்தில் திட்டுகள் தடித்துத் திரும்பின. மறுபடி யூவிபி, இந்த முறை முன்புபோல் கேட்கவில்லை. அடுத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட், வாராந்திரம், 15 மில்லிகிராமில் தொடங்கி 20 வரை. ஓர் ஆண்டுக்கு மேல் ஓரளவு அடங்கி இருந்தது, பிறகு அதற்கும் அடங்கவில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தை இந்த மாகாணத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டொங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் அதில் அடிபட்டு, மாதக்கணக்கில் லாரித் தண்ணீர். இந்த நோயாளிகளின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி சும்மாவே குடியிருக்கும், அவர்கள் இறப்பதற்கு நோயைவிடக் கிருமித் தொற்று காரணமாவதும் உண்டு. தினம் குளித்து, எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவ வேண்டிய ஆள் ஒரு வாளித் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தார். ஜூலையில் எங்களிடம் வந்தபோது கணுக்கால் தடிப்பு வெடித்துச் சீழ் கோத்திருந்தது.

எங்களிடம் வந்தபோது

நான்கு இடங்கள் தொல்லை தந்தன. வலது இடுப்பிலும் இடது பிட்டத்திலும் அகலமான தடிப்பு, இடது தொடையின் உட்புறம் 3 சென்டிமீட்டர் கட்டி, இடது கணுக்காலின் வெளிப்புறம் எலும்பைச் சுற்றி வளைந்து பின்பக்கம் போகும் தடிப்பு. அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன், எட்டு என்றார். "ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர், போர்வை பட்டாலும் எரியுது" என்றார்.

கட்டி என்று ஒன்று வந்துவிட்டால் நோய் நிலை மாறுகிறது. அதனால் கட்டியிலிருந்து புதிய பயாப்ஸி எடுத்தோம், செல்கள் பெரிதாகி வேகமான நோயாக உருமாறியிருக்கிறதா என்று பார்க்க. மாறவில்லை. சிடி ஸ்கேனில் கணுவோ உள்ளுறுப்போ பாதிக்கப்படவில்லை. நல்ல செய்திதான், ஆனால் கையில் இருந்த மருந்துகள் தீர்ந்துகொண்டிருந்தன. ப்ரெண்டக்சிமாப், மோகாமுலிசுமாப் போன்ற புதிய மருந்துகளை எங்கள் மருத்துவமனைப் பட்டியலில் இருந்து எழுத முடியாது.

என்ன தீர்மானித்தோம், ஏன்

தோல், ரத்தவியல், கதிர்வீச்சு மூன்று பிரிவும் உட்கார்ந்து பேசினோம். உடல் முழுவதற்கும் எலக்ட்ரான் கதிர் கொடுப்பது ஒரு வழி. முன்பு அது 36 கிரே, இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கும். இப்போது 12 கிரேயில், மூன்று வாரத்தில் கொடுப்பது வழக்கமாகிவருகிறது. அங்கிளுக்குப் பெரிய தொல்லை நான்கே இடத்தில், மீதி மெல்லிய திட்டுகள். எங்களிடம் அந்த ஏற்பாடும் இல்லை, வெளியே அனுப்ப வேண்டும். ஆகவே அதைப் பின்னாலுக்கு வைத்துக்கொண்டு அந்த நான்கு இடத்துக்கு மட்டும் கதிர் என்று முடிவானது.

எவ்வளவு? இங்கேதான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு எக்ஸ்-கதிர் பயன்பட்டது 1902-லேயே, ரோண்ட்கன் அதைக் கண்டுபிடித்து ஏழே ஆண்டில். லிம்போமா செல்கள் கதிருக்கு அவ்வளவு மென்மையானவை. தொண்டை, கருப்பைவாய்ப் புற்றுச் செல்கள் பலமுறை பிரிய முயன்று தோற்றுச் சாகும், லிம்போமா தொடங்கும் வெள்ளணுவான லிம்போசைட்டோ சிறிய அடியிலேயே தானாக உயிரை விட்டுவிடும். இருந்தும் நெடுங்காலம் 24, 30 கிரே என்று கொடுத்துக்கொண்டிருந்தோம், பழக்கம்தான் காரணம். 2009-ல் நெதர்லாந்தின் லைடன் குழு ஒரு வேலை செய்தது: முதலில் 2 கிரே வீதம் இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார்கள், மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் இடங்களில் 30% மட்டும் முழுதாக மறைந்தன. 4 கிரே வீதம் இரண்டு முறை என்று ஏற்றியதும் 92% மறைந்தன. 2013-ல் சிகாகோவிலிருந்து வந்த அறிக்கையில் ஒரே தடவை, 7 கிரேக்குக் குறையாமல் கொடுத்த 270 இடங்களில் 94% முழுதாக மறைந்தன. ஆக, 4 கிரே இந்த நோய்க்குப் போதாது, 8 பக்கத்தில் போனால் போதும், 30-க்குப் போக வேண்டிய காரணம் அரிது.

ஒரே தடவையில் 8 கொடுத்திருக்கலாம், பயணம் மிச்சம். ஆனால் கணுக்காலில் வீக்கம் இருந்தது, ரத்த ஓட்டமும் சுமார், இப்போதுதான் தொற்று ஆறியிருந்தது. அதனால் நான்கு இடத்துக்கும் 4 கிரே வீதம் அடுத்தடுத்த இரண்டு நாள் என்று வைத்தோம். அதற்கு முன் சீழுக்கு ஆன்டிபயாட்டிக் முழுக்கோர்ஸ், தோல் மூடும்வரை காத்திருப்பு. மெத்தோட்ரெக்சேட் தோலைக் கதிருக்கு இன்னும் கூச்சமுள்ளதாக்கும், எப்படியும் அது வேலை செய்யவில்லை, நிறுத்திவிட்டோம்.

மகள் கேட்டது

திட்டத்தைச் சொன்னதும் மகள் முகம் மாறியது. "டாக்டர், எங்க பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தொண்டையில 70 குடுத்தாங்க, ஏழு வாரம் போயிட்டு வந்தார். அப்பாவுக்கு எட்டா? ரெண்டு நாளா? கரன்ட் இல்லன்னு குறைக்கிறீங்களா, வயசாயிடுச்சுன்னு குறைக்கிறீங்களா?"

இந்தச் சந்தேகத்தை வம்பு என்று ஒதுக்க முடியாது. 2017-ல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையமே எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் புற்றுநோயாளிகளின் மருத்துவ உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. ஓடாத எந்திரங்கள், போதாத மருத்துவர்கள், மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்தக் காலத்தைப் பார்த்த குடும்பங்கள் இவை. போதாக்குறைக்கு நாங்கள் பேசிக்கொண்டிருந்தது 2022 செப்டம்பர், மின்வெட்டு ஆறாம் கட்டத்துக்குப் போயிருந்த மாதம் (கட்டம் ஏற ஏற வெட்டு நேரம் கூடும்).

எனவே எண்களை வைத்தே பேசினேன். தொண்டையில் கொடுக்கும் 70 ஒரே ஒரு வாய்ப்பு, அங்கே அந்தச் செல்கள் தாங்கும், சுற்றியுள்ள திசு அதன் பிறகு இன்னொரு சுற்றைத் தாங்காது. உங்கள் அப்பாவின் நோய் அப்படிக் கிடையாது, ஓரிடத்தில் போனால் இன்னோரிடத்தில் வரும், சில ஆண்டு கழித்து அதே இடத்திலும் வரும். இன்று 30 கொடுத்தால் அந்தத் தோல் மெலிந்து இறுகிப்போகும், அடுத்த முறை அதே இடத்தில் கொடுக்கத் தயங்குவோம். 8 கொடுத்தால் திரும்பவும் கொடுக்கலாம், தேவைப்பட்டால் அதற்கப்புறமும். இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அங்கிள் குறுக்கிட்டார்: "கரும்பு மாதிரிதான்மா. வெட்டினாலும் கட்டையிலேர்ந்து திரும்ப முளைக்கும். மண்ணக் கெடுக்காம வெட்டணும்." நான் சொன்னதைவிட அது மகளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன், ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு மருத்துவமனையில் இருக்கும் தெரிந்த நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டார். அதில் தப்பே இல்லை.

குணமாகும் என்று சொல்லவில்லை. அரிப்பும் புண்ணும் போகும், கட்டி கரையும், நோய் இருக்கும் என்று சொன்னேன்.

கொடுத்த விதம்

லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர் எந்திரத்தில் எலக்ட்ரான் கதிர். எலக்ட்ரான் சில சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றுவிடும், உள்ளே குடலுக்கோ எலும்பு மஜ்ஜைக்கோ போகாது. தடிப்புகளுக்கு 6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், கட்டியின் தடிமனை அல்ட்ராசவுண்டில் அளந்து அதற்கு 9. ஒரு சின்ன விஷயம்: எலக்ட்ரானின் முழு வலு தோலின் மேற்பரப்பில் விழாது, கொஞ்சம் உள்ளே போய்த்தான் உச்சத்துக்கு வரும். இந்த நோய் இருப்பதோ மேற்பரப்பில். அதனால் 1 சென்டிமீட்டர் ஜெல் பட்டை, போலஸ் என்போம், தோல்மேல் போர்த்திவிட்டுக் கொடுத்தோம். நோய் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்து வரைந்தோம்.

முதல் நாள் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறியபோது எந்திரம் நின்றுவிட்டது, மறுபடி சோதித்துத் தொடங்க மதியமானது. மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. இரண்டாம் நாள் பிரச்சினை இல்லை.

அப்புறம் நடந்தது

இரண்டே வாரத்தில் அரிப்பு எட்டிலிருந்து இரண்டுக்கு வந்தது. தூங்கினார். மூன்றாம் வாரத்தில் தொடைக் கட்டி தட்டையாகிவிட்டது.

நாலாம் வாரம் மகள் போன் செய்தார், பதற்றமாக: "இடுப்பெல்லாம் முன்னைவிடக் கருப்பாயிருக்கு, கூடிப்போச்சு." வரச்சொல்லிப் பார்த்தேன். கருப்பு உண்மைதான், ஆனால் விரலால் தடவினால் தடிப்பு இல்லை, செதில் இல்லை, பக்கத்துத் தோல் மாதிரியே மிருதுவாக மடிந்தது. நம் நிறத் தோலில் கதிர் பட்ட இடமும், நோய் ஆறிய இடமும் கருத்துப்போகும், மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கண்ணை நம்பினால் தேறிய இடத்தை நோய் என்று நினைத்து மறுபடி கொடுத்துவிடுவோம். விரலை நம்ப வேண்டும். மகளின் கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன், அதன் பிறகு அவரே வாராவாரம் தடவிப் பார்த்து எனக்குச் செய்தி அனுப்பினார். எங்கள் புகைப்படங்களைவிட அந்தச் செய்திகள் உபயோகமாயிருந்தன.

எட்டாம் வாரம், நவம்பரில், இடுப்பு, பிட்டம், தொடை மூன்றும் முழுதாக அடங்கியிருந்தன. தொடையில் அந்த வட்டத்தில் மட்டும் முடி இல்லை, தோல் வறட்சி, அவ்வளவுதான் பக்கவிளைவு. கணுக்காலில் முன்பக்கம் போய்விட்டது, எலும்புக்குப் பின்னால் குதிகால் தசைநாண் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்குத் தடிப்பு மிச்சம். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். எலக்ட்ரானுக்குச் சமதளம் பிடிக்கும். கணுக்கால் போல வளைந்த இடத்தில் கதிர் சரிந்து விழும், போலஸுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று புகும், எலும்பு மேட்டின் பின்னால் டோஸ் குறையும்.

காவடி

நவம்பர்ச் சந்திப்பில் எழுந்து போகும் நேரத்தில்தான் கேட்டார். இளவயதிலிருந்து தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், முதுகில் கொக்கி, கன்னத்தில் அலகு. வெள்ள வருடம் நேர்ந்துகொண்டது பாக்கி. 2023 தைப்பூசம் பிப்ரவரி 5.

வேண்டாம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அப்படிச் சொன்னால் பலர் எங்களிடம் சொல்லாமல் எடுத்துவிடுவார்கள் என்பது அனுபவம். ஆகவே எது ஆபத்து என்று பிரித்துச் சொன்னேன். நடப்பதும் விரதமும் சர்க்கரை நோய் இல்லாத அவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. தோலைத் துளைப்பதுதான் சிக்கல்: கிருமி குடியிருக்கும் தோல், கொஞ்ச காலம் முன்புவரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, கதிர் வாங்கிய இடங்கள். இன்னொன்று, பிப்ரவரி வெயிலில் சுடும் தார் ரோட்டில் ஆறாத கணுக்காலோடு வெறுங்கால் நடை. பூசாரியோடு அவரே பேசினார். பூசாரி பெரிய மனதுக்காரர், அலகு இல்லாமல் பால்காவடி போதும், கட்டுப் போட்ட காலோடு நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்படியே எடுத்தார். அடுத்த வாரம் கட்டைப் பிரித்துப் பார்த்தோம், தொற்று இல்லை. மஞ்சள் பூசிய அடையாளம் மட்டும் இருந்தது.

இரண்டாம் சுற்று, அதற்குப் பின்

மார்ச்சில் கணுக்காலுக்கு மறுபடி 8 கிரே, இதுவும் இரண்டு முறையில். இந்தத் தடவை எலக்ட்ரான் வேண்டாம் என்று, காலைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து இரண்டு பக்கத்திலிருந்தும் 6 மெகாவோல்ட் ஃபோட்டான் (எக்ஸ்-கதிர்) கொடுத்தோம். வளைவு, காற்று இடைவெளி எல்லாவற்றையும் தண்ணீர் நிரப்பிவிடும், டோஸ் சீராக விழும். பழைய முறைதான். ஏழு வாரத்தில் தடிப்பு போனது. அதே இடத்தில் மொத்தம் 16 கிரே ஆகியும் தோல் நன்றாகவே இருக்கிறது.

மெல்லிய திட்டுகளுக்கு யூவிபி மறுபடி தொடங்கினோம், இப்போது ஓரளவு கேட்டது. 2023 கடைசியில் வலது இடுப்பில், முன்பு கதிர் கொடுத்த எல்லைக்கு வெளியே, புதுத் தடிப்பு. 8 கிரே, அடங்கியது. 2024-ல் மேல்கையில் இரண்டு திட்டு வந்தது. கட்டி திரும்பவில்லை, கணு இல்லை. முழுஉடல் எலக்ட்ரான் இன்னும் பயன்படுத்தாமல் கையிருப்பில் இருக்கிறது, அதுவே ஒரு லாபம்.

எதை மாற்றுவோம்

கட்டி வந்த பிறகுதான் கதிர்ப் பிரிவுக்கு ஆள் வருகிறார் என்ற வழக்கம் மாற வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டுக்குக் கேட்காத தடிப்பு ஒன்றிரண்டு இருக்கும்போதே இரண்டு நாளில் முடித்திருக்கலாம், வெள்ளத்துக்கு முன்பே. இப்போது தோல் பிரிவோடு மாதம் ஒருமுறை சேர்ந்து பார்க்கிறோம், அந்த அறையிலேயே தீர்மானம் ஆகிவிடுகிறது. கணுக்கால், விரல் இடுக்கு, முழங்கை போன்ற இடத்துக்கு முதல் சுற்றிலேயே தண்ணீர்த் தொட்டியா என்று யோசிக்கிறோம். சிகிச்சைத் தேதி போடும்போது கோயில் தேதியையும் கேட்டுவிடுகிறோம், தைப்பூசம், ஆடிக் கூழ், ஈஸ்டர் நேரத்துத் தீமிதி எல்லாம்.

டோஸ் ஏன் குறைவு என்பதை முதல் சந்திப்பிலேயே, வீட்டில் யார் முடிவெடுப்பாரோ அவரை வைத்துக்கொண்டு சொல்கிறோம். கருத்துப்போகும் என்பதையும் அப்போதே சொல்லி, தடவிப் பார்க்கவும் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம். அங்கிளின் மேல்கைத் திட்டுகள் இப்போதைக்கு கிரீமுக்கு அடங்குகின்றன. மகளின் கடைசிச் செய்தியில் "மெல்லிசா இருக்கு, தடிக்கல" என்று இருந்தது, அதனால் கதிருக்கு இன்னும் தேதி போடவில்லை.